ஒரே ஒரு கம்பெனியை வைத்துக் கோட்பாடு படிப்பது எப்படி

பத்து வருஷம் கம்பெனி செக்ரட்டரியாக போர்டு மீட்டிங்குகளுக்கு மினிட்ஸ் எழுதிவிட்டு, அப்புறம்தான் பகுதிநேர ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். முதல் செமினாரில் ஏஜென்சி தியரி (கம்பெனியை நடத்துபவர் பங்குதாரர் நலனைவிடத் தன் நலனைப் பார்ப்பார் என்பது), ஸ்டூவர்ட்ஷிப் தியரி (அவர் நம்பிக்கையான காவலராகவே நடப்பார் என்பது) என்று வரிசையாக ஒப்பித்தேன். "இதெல்லாம் எந்த இடத்தில் பொய்த்துப் போகும்?" என்றார் பேராசிரியர். வாயே திறக்க முடியவில்லை. அன்றோடு படிக்கும் விதத்தை மாற்றினேன்.

முதலில் ஒரு விவகாரத்தைப் பிடியுங்கள், பத்து வேண்டாம். நான் பிடித்தது ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனியான சத்யம். 2008 டிசம்பர் 16 அன்று, ரியல் எஸ்டேட் கம்பெனியான மேட்டாஸ் பிராப்பர்டீஸை முழுதாகவும், கட்டுமானக் கம்பெனியான மேட்டாஸ் இன்ஃப்ராவில் 51 சதவீதத்தையும் வாங்க அதன் போர்டு ஒப்புக்கொண்டது. மொத்தம் 160 கோடி டாலர். மேட்டாஸ் கம்பெனிகளையும் நடத்தியது, சத்யத்தை நடத்திய அதே ராஜு குடும்பம்தான். சத்யத்தின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் அந்தப் பெயர்தான் வரும். நியூயார்க்கில் பங்கு பாதிக்கு மேல் சரிய, சில மணி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இங்கே போர்டைத் திட்டுவதற்கு முன்னால் ஸ்ட்ராட்டஜி கேள்வியைக் கேளுங்கள்: சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ரியல் எஸ்டேட் எதற்கு? ரிஸ்க்கைப் பரப்ப என்றால், பங்குதாரரே இரண்டு பங்கையும் தனித்தனியாக வாங்கிக்கொள்வார். இரண்டு தொழிலும் ஒரே கூரைக்குள் இருப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது? பதில் இல்லாத இடத்தில்தான் கவர்னன்ஸ் பாடம், அதாவது கம்பெனியை நடத்துபவர்களை யார், எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற பாடம், ஆரம்பிக்கிறது.

அடுத்து, ஏஜென்சி தியரிக்கு அடிப்படையாக ஜென்சனும் மெக்லிங்கும் 1976-இல் எழுதிய கட்டுரை. கணிதத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நடத்துபவரின் சொந்தப் பங்கு குறையக் குறைய, வீணாகும் பணத்தில் அவர் தலையில் விழுவதும் குறையும், அவ்வளவுதான். சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. சத்யத்திலிருந்து ஒரு ரூபாய் அநியாயமாக வெளியே போனால் அவர்களுக்கு நஷ்டம் பத்து பைசாகூட இல்லை. மேட்டாஸில் அவர்கள் பங்கு அதைவிடப் பெரிது. இந்தக் கணக்கை நோட்டில் கையால் போடுங்கள்.

இப்போது நான் சொல்லும் முக்கியமான வேலை. டிசம்பர் 16 அன்று உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதி மூடிவிடுங்கள். அதன்பிறகே சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய 2009 ஜனவரி 7 தேதியிட்ட கடிதத்தைத் திறக்க வேண்டும். ரொக்கமும் வங்கி இருப்பும் 5,040 கோடி ரூபாய் ஊதிக் காட்டப்பட்டிருந்தன. இல்லாத சொத்தின் இடத்தில் நிஜச் சொத்தை வைக்கும் கடைசி முயற்சியே மேட்டாஸ் என்கிறது அது. கணக்கில் காட்டிய பணமே இல்லை என்றானதும், பணம் வெளியே போகிறது என்று நான் போட்ட கணக்கு பாதி கவிழ்ந்தது. பேராசிரியரின் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

போர்டில் ஹார்வர்டு பேராசிரியர், பென்டியம் சிப்புக்காகப் பேர்பெற்றவர், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் எல்லாம் இருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'விவாதத்துக்குப் பின் ஏகமனதாக' என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். விவாதம் ஐந்து நிமிஷமா, இரண்டு மணி நேரமா என்பது அந்த வரியில் தெரியாது. மினிட்ஸை ஆதாரமாகக் காட்டுமுன் இதை நினைவில் வையுங்கள்.

ஸ்டூவர்ட்ஷிப் தியரிக்கு வேறு கம்பெனி தேடுங்கள், சத்யம் சரிவராது.

கடைசியாக, கம்பெனி தன்னோடு தொடர்புடையவர்களுடன் செய்யும் பரிவர்த்தனைகளைப் பற்றிய 2013 கம்பெனிச் சட்டத்தின் 188-ஆம் பிரிவை எடுத்து, அந்த டிசம்பர் தீர்மானத்தை அதற்குள் செலுத்திப் பாருங்கள். 'எந்த வகைச் சொத்தையும் வாங்குவது' என்பதில் இன்னொரு கம்பெனியின் பங்கும் அடங்குமா? என் மூன்றாம் அத்தியாயம் இப்போது அங்கேதான் நிற்கிறது.