ஏதென்ஸின் போர்க்கப்பலை வரைவது எப்படி? துடுப்பிலிருந்து தொடங்குங்கள்

பண்டைய கிரேக்கப் போர்க்கப்பலை வரைய உட்காரும் பலரும் முதலில் பெரிய பாயை வரைகிறார்கள். பிறகு கப்பலின் உடலை வரைந்து, மிச்சமிருக்கும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு துடுப்புகளைச் செருகிவிடுகிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் பயன்படுத்திய, மூன்று வரிசைத் துடுப்புகள் கொண்ட போர்க்கப்பலான ட்ரைரீம் அப்படி உருவானதல்ல. 170 பேர் ஒரே தாளத்தில் துடுப்பு வலிக்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட கப்பல் அது. ஆகவே அந்த மனிதர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, அதன்பின் மரத்துக்கு வருவோம்.

ஏ3 அளவு கிராஃப் தாள், பென்சில், அளவுகோல், அழிப்பான், கறுப்பு மைப் பேனா போதும். 1 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நீர்மட்டம்

தாளின் நடுவில் 37 செ.மீ. நீளக் கோடு போடுங்கள். முன்முனையும் வால்பகுதியும் இந்த நீளத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். ஏதென்ஸின் துறைமுக நகரான பிரேயஸில் சேயா துறைமுகத்தின் கப்பல் கொட்டகை எச்சங்கள் ஏறத்தாழ இந்த அளவைத்தான் அனுமதிக்கின்றன. 1987இல் கிரேக்கத்தில் கடலில் இறக்கப்பட்ட மறுவடிவக் கப்பலான 'ஒலிம்பியாஸ்' நீளமும் கிட்டத்தட்ட இதுதான்.

படி 2: ஆட்களின் இடம்

கப்பல் இடப்பக்கம் பார்ப்பதாகக் கொள்வோம். இடமுனையில் 5 செ.மீ. விடுங்கள். நீர்மட்டத்துக்கு 1.5 செ.மீ. மேலே, 9 மி.மீ. இடைவெளியில் 31 புள்ளிகள் வையுங்கள். இது மேல் வரிசை. 1 செ.மீ. உயரத்தில் 27, அரை செ.மீ. உயரத்தில் 27. கீழ் வரிசைகளின் புள்ளிகள் மேலுள்ளவற்றுக்கு நேர் கீழே வராமல் சற்று விலகி இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு 85, இரு பக்கமும் சேர்த்து 170.

மேல் வரிசைப் புள்ளிகளை ஒட்டி நீளவாக்கில் இரட்டைக் கோடு போடுங்கள். உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டம் இது. மேல் வரிசைத் துடுப்புகள் இதன்மீதுதான் தாங்கி நிற்கும். மூன்றில் அடி வரிசைப் புள்ளிகளைச் சிறு வட்டமாக்குங்கள்; துடுப்பு வெளியே வரும் துளைகள் இவை. அவை நீருக்கு மிக அருகில் இருந்ததால், அலை உள்ளே புகாதபடி தோல் உறை மாட்டியிருந்தார்கள்.

இந்தப் படியை அவசரமாக முடித்துவிடாதீர்கள். சங்கிலியில் கட்டிய அடிமைகளைச் சாட்டையால் அடிக்கும் காட்சி பிற்காலக் கப்பல்களுக்கு உரியது. ஏதென்ஸின் துடுப்பாளர்களில் பெரும்பாலோர் கூலி வாங்கிய சுதந்திர மனிதர்கள். நிலமில்லாத ஏழைக் குடிமக்கள் அவர்களில் நிறையப் பேர். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தபோது, கி.மு. 483 வாக்கில், அதைக் குடிமக்களுக்குப் பங்கிடாமல் கப்பல் கட்டுவோம் என்று மக்களை இணங்கவைத்தார் ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ். கி.மு. 480இல் சலாமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படையை முறியடித்த கிரேக்க அணியில் பெரும் பங்கு அந்தக் கப்பல்கள்தாம். நகரைக் காத்த கைகள் தங்களுடையவை என்று தெரிந்த ஏழைகளின் குரல், அதன்பின் மக்கள் அவையில் ஓங்கியது. நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியும் அப்படியொருவரின் இடம்.

படி 3: துடுப்புகள்

ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லேசாகச் சாய்த்து நீர்மட்டம் வரை கோடு இழுங்கள். எல்லா நுனிகளும் ஒரே மட்டத்தில் நீரைத் தொட வேண்டும். பக்கவாட்டுத் தோற்றத்தில் மேல் துடுப்புதான் நீளமாகத் தெரியும், அது உயரத்திலிருந்து இறங்குவதால். உண்மையில் மூன்று வரிசைக்கும் ஏறத்தாழ ஒரே நீளம்தான், 4 மீட்டருக்குச் சற்று மேல். கை ஓயும்; ஆனாலும் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

படி 4: உடல்

நீர்மட்டத்துக்குக் கீழே 1 செ.மீ.க்குச் சற்று மேல் அடிமரம், மேலே 2.5 செ.மீ.யில் மெல்லிய தளம். பின்முனையை மேல்நோக்கி வளைத்து, கப்பலின் உட்புறம் நோக்கித் திருப்பி, விசிறிபோல விரித்து முடியுங்கள். தோற்ற கப்பலின் இந்த வால் அலங்காரத்தை வென்றவர்கள் வெட்டி எடுத்துச் செல்வார்கள். அதன் கீழே பக்கத்துக்கு ஒன்றாகச் சுக்கான் துடுப்பு.

படம் ஒல்லியாகத் தெரிகிறதா? அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 5: முட்டும் மூக்கும் கண்ணும்

இடமுனையில், சரியாக நீர்மட்டத்தில், வெண்கல மூக்கு. இதை ஈட்டிபோலக் கூராக்குவது பரவலான பிழை. முனை மொட்டையாக, கிடைமட்டமாக மூன்று பட்டைகளுடன் இருக்கட்டும். எதிரியின் மரத்தில் செருகிச் சிக்கிக்கொள்ளாமல், பலகைகளின் இணைப்பைப் பிளந்துவிட்டுப் பின்வாங்குவதே நோக்கம். 1980இல் இஸ்ரேலின் அத்லித் கடற்கரையருகே கிடைத்த, சற்றுப் பிற்காலத்து மூக்கு ஒன்றின் எடை 465 கிலோ. மூக்குக்குச் சற்று மேலே ஒரு கண் வரையுங்கள். கப்பலில் பதித்த பளிங்குக் கண்கள் சேயாவில் கிடைத்திருக்கின்றன.

படி 6: பாய்மரம்

எந்த நேரத்துக் கப்பலை வரைகிறீர்கள் என்று இப்போது முடிவு செய்யுங்கள். பயணம் என்றால் நடுவில் பாய்மரமும் சதுரப் பாயும், முன்னே சிறிய பாய் ஒன்றும். போர் என்றால் இரண்டும் வேண்டாம். எடை குறைய அவற்றைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். அந்தப் படத்தில் தளத்தின்மேல் 10 கவச வீரர்கள், 4 வில்லாளிகள், துடுப்புக்குத் தாளம் தரும் குழல்காரர் ஆகியோரைச் சேருங்கள்.

மையிடும்போது துடுப்புகளை முதலில் மையால் வரைந்து, அவை காய்ந்த பிறகு உடலின் கோடுகளைத் துடுப்புகளுக்கு இடையே விட்டுவிட்டு இழுங்கள். கடைசியில் பென்சில் கோடுகளை அழியுங்கள்.