சாக்கெட் நூலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாதவை

போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் வியாபாரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வேலைதான் திரும்பத் திரும்ப வரும். மெட்டு என்கிற மலைக் கணவாயைத் தாண்டி மேலே வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ ஒரு கொள்முதல் கடை இருக்கும். அங்கே காயை எடை போட்டவுடன் விவசாயி பெயர், எடை, தரம், விலை எல்லாம் போடியில் இருக்கும் தலைமைக் கடைக் கணினிக்கு வந்துவிட வேண்டும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடப்பதால், கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று முதலாளிக்கு அப்போதைக்கப்போது தெரிந்தாக வேண்டும். மேலே தகவல் அனுப்பும் க்ளையன்ட், கீழே அதை வாங்கிப் பதியும் சர்வர். அவ்வளவுதான் அமைப்பு.

1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த, இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதற்கான சாக்கெட் அழைப்புகளை நேரடியாக வைத்து இதை எழுதுவது அலுப்பான வேலை. அதனால் இப்போது யாரும் அங்கிருந்து தொடங்குவதில்லை. மொழிக்கு ஒரு ஆயத்த நூலகம் இருக்கிறது: பைத்தான் என்றால் ஏசிங்க்-ஐஓ, ஜாவா என்றால் நெட்டி, சி++ என்றால் பூஸ்ட் ஏசியோ. இருபது வரியில் சர்வர் எழுந்து நின்றுவிடும். அப்புறம் ஒரு நாள் ஃபோன் வரும்: “அண்ணே, ஆபீஸ்ல நல்லா ஓடுது, மெட்டுக்கு மேல போனா மட்டும் தகராறு பண்ணுது.”

இப்படி வரும் தகராறுகளில் நூலகத்தின் மேல் பழி போட ஒன்றும் இருக்காது. இணைப்பைத் திறப்பது, பல க்ளையன்ட்களை ஒரே நேரத்தில் கவனிப்பது, மூடுவது ஆகியவற்றை அது செய்துவிடுகிறது. ஒரு தகவல் எங்கே முடிகிறது, எதிர்முனை இன்னும் உயிரோடு இருக்கிறதா, அனுப்பியது கணக்கில் ஏறியதா என்பவற்றை மட்டும் எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை மறந்ததால் வருபவை. பைத்தானை வைத்தே பேசுகிறேன். மற்ற மொழிகளில் பெயர்கள் மாறும், சங்கதி மாறாது.

ஒரு முறை அனுப்பியது ஒரு முறையாகவே வரும் என்று நம்புவது

புதிதாக எழுதுகிற யாரும் இதில் விழாமல் போவதில்லை. சாக்கெட்டுக்கு அடியில் தகவலைக் கொண்டுபோகும் நெறிமுறையான டிசிபி, வாய்க்கால் தண்ணீர் மாதிரி. மடையில் இரண்டு குடம் ஊற்றினால், கடைமடையில் நிற்பவருக்கு எது எந்தக் குடத்துத் தண்ணீர் என்று தெரியாது. க்ளையன்ட் மூன்று எடைச் சீட்டுகளை மூன்று ‘ரைட்’ அழைப்பில் அனுப்பினால், சர்வரில் ஒரே ‘ரீட்’ அழைப்பில் மூன்றும் சேர்ந்து வரலாம். ஒன்றரைச் சீட்டு வந்து, மீதி அடுத்த முறை வரலாம். ‘ரீட் 1024’ என்று எழுதினால் அதிகபட்சம் 1024 பைட் கொடு என்றுதான் பொருள். அதற்குக் குறைவாக எவ்வளவு வந்தாலும் நூலகம் கையில் கொடுத்துவிடும்.

ஆபீஸில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. ஒரே கணினியில் சர்வரையும் க்ளையன்டையும் ஓட்டினால் தகவல் லூப்பேக் வழியாக, அதாவது கணினியை விட்டு வெளியேறாமல் உள்ளேயே போகிறது. லினக்ஸில் அதன் பொட்டல அளவு 65,536 பைட். வெளியே ஈதர்நெட்டில் 1,500 தான். சின்னச் சீட்டு லூப்பேக்கில் ஏறக்குறைய எப்போதும் முழுசாகவே வந்து சேரும், நிரலும் சரி என்று தோன்றிவிடும்.

தீர்வு இரண்டு. தகவலை வரி வரியாக வைத்து, ஒவ்வொன்றும் புதுவரிக் குறியோடு முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது ‘ரீட்லைன்’ போதும். ஏசிங்க்-ஐஓவில் ஒரு வரிக்கு இயல்பான எல்லை 64 கிலோபைட், அதைத் தாண்டினால் பிழை வரும். இணைப்பு பாதியில் அறுந்தால் ‘ரீட்லைன்’ அரைகுறை வரியையே திருப்பித் தந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். கடைசி எழுத்து புதுவரிக் குறிதானா என்று பார்க்காமல் அதைக் கணக்கில் ஏற்றினால், 48.750 கிலோ 48 கிலோவாகப் பதிவாகும். இன்னொரு வழி, முதலில் நான்கு பைட்டில் நீளம், பிறகு அத்தனை பைட் தகவல். இதற்கு ‘ரீட்-எக்ஸாக்ட்லி’ இருக்கிறது. கேட்ட அளவு முழுசாக வரும்வரை அது காத்திருக்கும், நடுவில் அறுந்தால் பிழை எழுப்பும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அளவே கொடுக்காமல் ‘ரீட்’ என்று மட்டும் எழுதுவது இதன் தம்பி. அது எதிர்முனை இணைப்பை மூடும்வரை காத்திருக்கும். க்ளையன்ட் பதிலுக்காகத் திறந்தே வைத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

நீளத்தை எழுத்தில் எண்ணுவது

தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இருக்கும் இடத்தில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘முருகேசன்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 9 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். கம்பியில் போகும்போது யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக மொத்தம் 27. மலையாளத்துக்கும் குறிக்கு 3 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு 1.

இப்போது நீளமாக 9 என்று எழுதி 27 பைட்டை அனுப்பினால் என்ன ஆகும்? சர்வர் 9 பைட்டை எடுத்து ‘முர’ என்று பதிவு செய்யும். மிச்சம் கிடக்கும் 18 பைட்டில் முதல் நான்கை அடுத்த தகவலின் நீளம் என்று படிக்கும். கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 377 கோடி. அத்தனை பைட்டும் வரட்டும் என்று சர்வர் அமைதியாகக் காத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தெரியவராது. எனவே முதலில் பைட்டாக மாற்றுங்கள், பிறகு நீளம் எடுங்கள். வாங்கும் இடத்தில் முழுத் தகவலும் சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்றுங்கள். துண்டு துண்டாக மாற்றினால் ஒரு குறியின் மூன்று பைட் நடுவில் வெட்டுப்பட்டுப் பிழை வரும்.

எதிர்முனை சொல்லும் நீளத்தை அப்படியே நம்புவதும் கூடாது. இணையத்தில் திறந்திருக்கும் எந்தப் போர்ட்டையும் (இணைப்பு வாங்கும் வாசல்) யாராவது தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். உங்கள் சர்வரை இணையத்தளம் என்று நினைத்து ஒரு தானியங்கி ‘கெட்’ (GET) என்று கோரிக்கை அனுப்பினால், அந்த மூன்று எழுத்தும் பின்னால் வரும் இடைவெளியும் சேர்ந்து நீளமாக 1195725856 ஆகப் படிக்கப்படும். உங்கள் பதிவேட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், வந்தவர் வழி தவறியவர். ஆனால் சில மொழிகளில் அந்த அளவுக்கு நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கி நிரல் விழுந்துவிடும். எடைச் சீட்டு எதுவும் சில கிலோபைட்டைத் தாண்டாது. ஒரு உச்சவரம்பு வைத்து, மீறினால் இணைப்பை மூடிவிட வேண்டும்.

மௌனத்தை நலம் என்று எடுத்துக்கொள்வது

மெட்டுக்கு மேலே தகராறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கொள்முதல் கடையின் இணைப்பு பெரும்பாலும் மொபைல் டேட்டாதான். மலை முகட்டில் தமிழ்நாட்டு டவரும் கேரள டவரும் மாறி மாறிக் கிடைக்கும் இடங்கள் உண்டு. இணைப்பு விழுந்து மறுபடி எழும்போது ஐபி முகவரி மாறிவிடலாம். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் மோடம் அணைந்துவிடும். இப்படி ஆகும்போது ‘நான் போகிறேன்’ என்று யாரும் சர்வருக்குச் சொல்வதில்லை. சர்வரைப் பொறுத்தவரை அந்த இணைப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் முனைக்கு, எதிரில் ஆள் இல்லை என்பது தெரிய வழியே இல்லை.

எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க டிசிபியில் கீப்-அலைவ் இருக்கிறதே என்பார்கள். அது தானாக இயங்காது, கேட்டு இயக்க வேண்டும். இயக்கினாலும் லினக்ஸில் இயல்பாக 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் முதல் சோதனை போகும். அதன்பின் 75 விநாடிக்கு ஒன்றாக, முதலாவதோடு சேர்த்து ஒன்பது. எடை போட்டு, கடையைச் சாத்தி, வீட்டுக்கே போய்விடலாம். செத்த இணைப்பில் தகவலை எழுதினாலும் உடனே பிழை வராது. லினக்ஸ் சுமார் 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

அதனால் துடிப்பு ஒன்றை நீங்களே வைக்க வேண்டும். 20 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை க்ளையன்ட் ஒரு சின்னத் தகவல் அனுப்பட்டும், சர்வர் பதில் சொல்லட்டும். மூன்று முறை தவறினால் இரு பக்கமும் இணைப்பை மூடட்டும். எந்தக் காத்திருப்புக்கும் கால வரம்பு போடுங்கள். பைத்தான் 3.11 முதல் ‘ஏசிங்க்-ஐஓ டைம்அவுட்’ இதற்கு வசதியாக இருக்கிறது, பழைய பதிப்பில் ‘வெயிட்-ஃபார்’. டிசிபியின் மேல் முழுத் தகவல்களாகவே அனுப்பும் வெப்சாக்கெட் நெறிமுறையைப் பயன்படுத்தினால் பைத்தானின் வெப்சாக்கெட்ஸ் நூலகம் தானாகவே 20 விநாடிக்கு ஒரு பிங், அதாவது துடிப்பு, அனுப்பும். இந்த ஒரு காரணத்துக்காகவே மலைக்கடைகளுக்கு அதை நான் பரிந்துரைப்பேன்.

மறு இணைப்பிலும் ஒரு தவறு உண்டு. அறுந்ததும் இடைவெளியே இல்லாமல் திரும்பத் திரும்ப முயல்வது. போடிக் கடையில் மின்சாரம் போய் வந்தால், மலையிலுள்ள எல்லா க்ளையன்டும் ஒரே நொடியில் கதவைத் தட்டும். 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், எல்லாரும் ஒரே நேரத்தில் வராதபடி அதில் கொஞ்சம் ஏறுமாறான நேரம் சேர்த்து, இடைவெளி ஒரு நிமிடத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளலாம்.

‘அனுப்பினேன்’ என்பதைப் ‘பதிவாயிற்று’ என்று படிப்பது

‘ரைட்’ அழைப்பு பிழையில்லாமல் திரும்பினால் தகவல் உங்கள் கணினியின் இடையகத்தில் (அனுப்பக் காத்திருக்கும் தகவல் தங்கும் நினைவகத்தில்) விழுந்தது என்றுதான் பொருள். ‘ட்ரெய்ன்’ செய்தாலும் அதே கதைதான். இடையகம் நிரம்பி வழியாமல் அது காக்கும், எதிர்முனைக்குப் போனதா என்று சொல்லாது. (அதற்காக ‘ட்ரெய்ன்’ போடாமல் விடக் கூடாது. மெதுவான க்ளையன்டுக்கு நாள் முழுக்க விலை நிலவரம் எழுதிக்கொண்டே இருந்தால் சர்வரின் நினைவகம் ஊதிக்கொண்டே போகும்.) சர்வர் தரவுத்தளத்தில் எழுதி முடித்த பிறகு ‘இந்தச் சீட்டு ஏறியது’ என்று தானே ஒரு பதில் அனுப்ப வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. சீட்டு ஏறிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது. க்ளையன்ட் மறுபடி அனுப்பும். ஒரு மூட்டை இரண்டாகிவிடும். ஏலக்காய் விற்கும் விலைக்கு முதலாளி அன்று சாப்பிட மாட்டார். ஆகவே ஒவ்வொரு சீட்டுக்கும் எடை போடும் இடத்திலேயே ஒரு தனி எண் கொடுங்கள். கடைக்குறி, தேதி, வரிசை எண் சேர்ந்தால் போதும். தரவுத்தளத்தில் அந்த எண் இரண்டாம் முறை ஏறாதபடி யூனிக் கட்டுப்பாடு வையுங்கள். இரண்டாவதாக வந்தால் சேர்க்காமல், ‘ஏறியது’ என்ற பதிலை மட்டும் திருப்பி அனுப்புங்கள். பதில் வராத சீட்டுகள் க்ளையன்டின் வட்டிலேயே இருக்கட்டும். மின்சாரம் போனாலும் போகாது.

ஒரே ஆள் பார்க்கும் வேலையை அடைப்பது

ஏசிங்க்-ஐஓவில் எல்லா இணைப்பையும் ஒரே சுழற்சிதான் பார்க்கிறது. அதன் நடுவில் சாதாரண ‘ஸ்லீப்’ போட்டாலோ, தரவுத்தளத்தை நேரடியாக அழைத்தாலோ, அது முடியும்வரை மற்ற கடைகள் எல்லாம் நிற்கும். துடிப்புக்குக்கூடப் பதில் போகாது, க்ளையன்ட்கள் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டும். பைத்தான் 3.9 முதல் இப்படிப்பட்ட வேலையைத் தனி இழையில் ஓட்டும் ‘டு-த்ரெட்’ இருக்கிறது, அதில் தள்ளிவிடுங்கள். பைத்தானோடு வரும் சாக்கெட்சர்வர் தொகுதியில் இதே சங்கதி வேறு உருவில் வரும். அதன் சாதாரண டிசிபி சர்வர் ஒரு நேரத்தில் ஒரு க்ளையன்டை மட்டுமே கவனிக்கும், ஒவ்வொரு க்ளையன்டுக்கும் தனி இழை தரும் த்ரெடிங் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நூலகத்தை மாற்றினால் எல்லாம் தீரும் என்பது

ஜீரோஎம்க்யூ என்கிற நூலகம் தகவலை முழுத் தகவலாகவே கொடுக்கும், நீளக் கணக்கே வேண்டாம். ஆனால் ஒரே தகவலைப் பலருக்கும் பரப்பும் அதன் பப்ளிஷ் சாக்கெட், வரிசையில் இயல்பு எல்லையான 1,000 தகவல் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். தாமதமாக இணைந்த கடைக்கு அதற்கு முன் போனவை கிடைக்காது. விலை நிலவரத்துக்கு இது பரவாயில்லை, எடைச் சீட்டுக்கு ஆகாது. சாக்கெட்-ஐஓ என்கிற இன்னொரு நூலகத்தின் சர்வரிடம் வெறும் வெப்சாக்கெட் க்ளையன்டை வைத்துப் பேச முயல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வெப்சாக்கெட்டின் மேல் தன் சொந்த நெறிமுறையை ஏற்றிப் பேசுகிறது, இரண்டுக்கும் ஒத்துவராது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. பைத்தான் பொருள்களை அப்படியே பொதியும் பிக்கிள் வடிவத்தில் தகவல் வாங்காதீர்கள், அனுப்புகிறவர் உங்கள் கணினியில் எதை வேண்டுமானாலும் ஓட்ட முடியும். தகவலை வெறும் எழுத்தாக எழுதும் ஜேசன் போதும். இணையம் வழியாகப் போகிறதென்றால் தகவலை மறையாக்கும் டிஎல்எஸ் கட்டாயம், ஏசிங்க்-ஐஓவில் அது ஒரு அளவுரு கூடுதல்.

சோதிக்கும்போது க்ளையன்ட் நிரலை நிறுத்திப் பார்த்துவிட்டு ‘சர்வர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது’ என்று திருப்தி அடைகிறவர்கள் அதிகம். நிரல் நின்றால் இயங்குதளம் அதன் சார்பில் இணைப்பை முறையாக மூடிவிடும், ஆகவே சர்வருக்குத் தெரியத்தான் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். லினக்ஸில் இணைப்பைச் செயற்கையாகக் கெடுத்துக் காட்டும், ‘டிசி’ கட்டளையின் நெட்எம் வசதியால் 300 மில்லிவிநாடித் தாமதமும் ஐந்து சதவீத இழப்பும் வைத்து, தமிழ்ப் பெயர்களோடு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, க்ளையன்டின் சீட்டு எண்ணிக்கையையும் சர்வரின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.