ராயல் நேவி மாலுமியின் பணிப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் படிப்பது எப்படி?

என் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. கடற்படைச் சீருடையில் அவருடைய தாத்தா, தொப்பிப் பட்டையில் எச்எம்எஸ் விக்டரி என்ற எழுத்துகள். 1805 டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இருந்த அதே கப்பலில் தாத்தா வேலை பார்த்தார் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பி வந்தார்கள். அவர் எந்தெந்தக் கப்பலில் எங்கெல்லாம் போனார் என்று தேடித் தருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பதிவேடு அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அதைச் சரியாகப் படிக்கத்தான் நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது பிரிட்டனின் ராயல் நேவியில் சாதாரண மாலுமியாக இருந்தவர்களைத் தேடும் வழி. அதிகாரிகள், மற்றவர்கள் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: எந்தத் தொகுப்பில் தேடுவது

லண்டனில் க்யூ என்ற இடத்தில் இருக்கும் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்தான் இதற்கெல்லாம் தாய்வீடு. அதன் இணையப் பட்டியலுக்கு டிஸ்கவரி என்று பெயர். கடற்படைத் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஏடிஎம் (ADM) என்று தொடங்கும் ஒரு எண் உண்டு (தேடும்போது ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்). 1853 முதல் 1872 வரை சேர்ந்தவர்கள் ஏடிஎம் 139. 1873 முதல் 1923 வரை சேர்ந்தவர்கள் ஏடிஎம் 188, பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இதுதான். இந்தப் பதிவேடு 1928 வரைதான் போகும். அதற்குப் பிறகும் பணியில் இருந்தவர்களுக்கு ஏடிஎம் 362, 363 என்ற அட்டைத் தொகுப்புகளையும் பாருங்கள். 1853க்கு முந்தைய மாலுமி என்றால் பெயரை வைத்துத் தேட மையப் பதிவேடே கிடையாது, கப்பல் பெயர் தெரிந்தால்தான் அந்தக் கப்பலின் ஆள்கணக்குப் புத்தகத்தில் தேட முடியும். அது தனி வேலை.

காசு கட்டும் வம்சாவளித் தளங்களில் முதலில் போய் விழாதீர்கள். மூலம் இருக்கும் இடத்திலேயே கணக்குத் திறந்து, உள்நுழைந்த பிறகு தேடுங்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் காப்பகம் மூடியிருந்தபோது தொடங்கிய இலவசப் பதிவிறக்கம் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது, நான் அது தெரியாமல் முதல் இரண்டு கோப்புகளுக்குப் பணம் கட்டினேன்.

படி 2: பெயரை விடப் பிறந்த ஊர் முக்கியம்

ஏடிஎம் 188 பட்டியலில் பெயர், அதிகாரப்பூர்வ எண், பிறந்த ஊர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். பிறந்த தேதியை அப்படியே போட்டுத் தேடாதீர்கள். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் நிறைய. குடும்பப் பெயரையும் பிறந்த ஊரையும் மட்டும் போடுங்கள். ஒன்றும் வரவில்லையா? பெயரின் கடைசி எழுத்துகளை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டுப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இப்படித்தான் அகப்படும்.

எனக்கு ஒரே பெயரில், ஒரே ஊரில் பிறந்த இரண்டு பேர் வந்தார்கள். இரண்டையும் பதிவிறக்கினேன். பதிவேட்டில் உயரம், மார்பளவு, முடியின் நிறம், கண்ணின் நிறம், தழும்பு, அடையாளம் என்று வரிசையாக இருக்கும். இரண்டாவது ஆளின் அடையாளப் பத்தியில் 'இடது முன்கையில் நங்கூரம்' என்று பச்சை குத்தியதைக் குறித்திருந்தார்கள். மாமியாருக்குப் போன் செய்து கேட்டேன். தாத்தா சட்டைக் கையை மடக்கும்போது நீலமாக ஏதோ தெரியும், அதைத் தொட்டுப் பார்க்க அவருக்குச் சின்ன வயதில் ஆசையாக இருக்குமாம். அது நங்கூரம் என்று எழுபது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

அந்தப் பத்தியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

படி 3: எண்ணைப் படியுங்கள்

1908 முதல் சேர்ந்தவர்களின் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஜே என்றால் மேல்தள மாலுமி அல்லது சமிக்ஞைப் பிரிவு, கே என்றால் ஸ்டோக்கர், எல் என்றால் அதிகாரிகளின் சமையல்காரரும் பரிமாறுபவரும், எம் என்றால் தச்சர், மருத்துவ உதவியாளர் போன்ற மற்ற தொழில்கள். எங்கள் தாத்தாவுடையது கே. கொதிகலன் அடுப்பில் கரி அள்ளிப் போட்ட ஆள். 1909இல் 12 வருட ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறார்.

சிறுவனாகச் சேர்ந்தவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 12 வருடக் கணக்கு 18 வயதிலிருந்துதான் தொடங்கும். அதனால் ஒப்பந்தத் தேதி என்று இருப்பது அவருடைய 18ஆவது பிறந்தநாளாக இருக்கும். அவர் கடற்படையில் கால் வைத்தது அதற்கும் முன்னால்.

படி 4: கப்பல் பத்தி (நான் மாட்டிக்கொண்ட இடம்)

இப்போது நடுவில் இருக்கும் பெரிய பத்திக்கு வாருங்கள். கப்பல் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவி. எங்கள் தாத்தாவின் முதல் வரியே 'விக்டரி 2'. நான் குதித்தேன். குடும்பக் கதை உண்மை, புகைப்படமும் உண்மை, பதிவேடும் அதையே சொல்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? மாமியாருக்கு அன்று இரவே எழுதி அனுப்பினேன்.

ஆனால் அந்த 2 என்ற எண் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு கப்பலிலிருந்து இறங்கும்போதும் விக்டரி 2க்குத் திரும்பி வருகிறார், சில வாரங்கள் இருக்கிறார், அடுத்த கப்பலுக்குப் போகிறார். அப்புறம் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மண்டையில் தட்டியது: நெல்சனின் விக்டரி பாய்மரக் கப்பல். அதில் கொதிகலன் ஏது? ஸ்டோக்கருக்கு அங்கே என்ன வேலை?

சரி என்று, அவருடைய எண்ணுக்கு அடுத்தடுத்த எண்கள் கொண்ட நாலு பேரின் பதிவேடுகளையும் இறக்கிப் பார்த்தேன். அதில் மூன்று பேருக்கு முதல் வரி விக்டரி 2. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. விக்டரி என்பது போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கரையில் இருந்த கடற்படைக் குடியிருப்பின் பெயரும்கூட. ராயல் நேவியில் ஒவ்வொரு மாலுமியும் ஏதாவது ஒரு 'கப்பலின்' கணக்குப் புத்தகத்தில் இருந்தால்தான் அவருக்குச் சம்பளம், சாப்பாடு. அதனால் கரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் பெயர் வைத்துவிடுவார்கள். பின்னால் வரும் எண், கணக்கை எந்தப் பிரிவில் வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. தொப்பிப் பட்டையும் அந்த முகாமுடையதுதான்.

ஆக, அந்தப் பத்தியில் இருப்பது அவர் எந்தப் புத்தகத்தில் சம்பளம் வாங்கினார் என்பது. அவர் கால் எங்கே இருந்தது என்பதை நாம்தான் அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

அடிக்கடி வரும் கரைப் பெயர்கள் இவை: விக்டரி என்றால் போர்ட்ஸ்மத், பெம்ப்ரோக் என்றால் சாட்டம், விவிட் என்றால் டெவன்போர்ட், கேஞ்சஸ் என்றால் ஷாட்லியில் இருந்த சிறுவர் பயிற்சிப் பள்ளி, டால்ஃபின் என்றால் காஸ்போர்ட்டில் இருந்த நீர்மூழ்கித் தளம். இந்தப் பெயர்களைப் பார்த்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டு 'கரை' என்று எழுதிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. டிஸ்ட்ராயர் மாதிரிச் சின்னக் கப்பல்களுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் இருக்காது, தாய்க் கப்பலின் புத்தகத்தில் எழுதுவார்கள். அதனால் ஹெக்லா போன்ற தாய்க் கப்பலின் பெயர் பெரிதாகவும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வேறொரு பெயர் நுணுக்கி எழுதியும் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் அவர் உண்மையில் இருந்த கப்பல். அதைப் படிக்காமல் விட்டால் அவருடைய போர்க்காலம் முழுக்கத் தவறிப்போகும்.

கரை வரிகளையெல்லாம் ஒதுக்கிய பிறகு எங்கள் தாத்தாவுக்கு மிஞ்சியவற்றில் யார்மத் என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலும் ஒன்று, 1914 முழுக்க அதில்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனைத் தேடித் திரிந்த கப்பல்களில் யார்மத்தும் ஒன்று. அக்டோபர் 12இல் சுமத்ரா பக்கத்தில் எம்டனுக்குக் கரி சுமந்த மார்க்கோமானியாவை மூழ்கடித்ததும் அதுதான். கில்லாடியான ஆளை 'அவன் எம்டன்டா' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். அந்த எம்டனைத் துரத்திய கப்பலில் கரி அள்ளிப் போட்டவர் என் குழந்தைகளின் எள்ளுத்தாத்தா. நெல்சன் கதை போனதில் மாமியாருக்கு வருத்தம் இருந்தது, இதைச் சொன்னதும் அவரே புகைப்படத்தைக் கழற்றிப் பின்னட்டையில் யார்மத் என்று பென்சிலால் எழுதினார்.

படி 5: ஓரத்தில் இருக்கும் குறிகள்

வி.ஜி. என்றால் நடத்தை மிக நன்று. இது ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31இல் போடும் மதிப்பீடு, அந்தத் தேதியைப் பணி மாறிய தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரன் என்றால் ஓடிப்போனவர். இன்வாலிடட் என்றால் உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டவர். செல்ஸ் என்று நாள் கணக்கோடு இருந்தால் அத்தனை நாள் சிறை. டி.டி. என்று இருந்தால் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று பொருள். இதை வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல்முறை திறக்காதீர்கள், தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

எழுதி வைப்பது

வம்சாவளி மென்பொருள் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு எக்செல் தாள் போதும்: கப்பல், முதல் தேதி, கடைசித் தேதி, பதவி, கரையா கடலா, என் சந்தேகம். கடைசிப் பத்தி கட்டாயம் வேண்டும். கையெழுத்தைத் தானாகப் படித்துத் தரும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன், அது அடைப்புக்குறிகளையே விழுங்கிவிட்டது. படத்தைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, கண்ணால் படியுங்கள்.

அப்புறம், கப்பல் பெயரும் தேதியும் கையில் வந்துவிட்டால் அடுத்தது லாக் புத்தகம், அதாவது கப்பலின் அன்றாடக் குறிப்பேடு, ஏடிஎம் 53. முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல்கள் பலவற்றின் லாக் புத்தகங்களை, அதில் இருந்த வானிலைக் குறிப்புகளுக்காக ஓல்ட் வெதர் திட்டத்துத் தன்னார்வலர்கள் படியெடுத்தார்கள். அது நேவல் ஹிஸ்டரி டாட் நெட் தளத்தில் இருக்கிறது. உங்கள் கப்பல் அங்கே இல்லை என்றால் க்யூவுக்கு நேரில் போய் உங்கள் கேமராவிலேயே இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பின்னர் சேர்த்தது

இரண்டு பேர் 'எங்கள் ஆள் ஏடிஎம் 188இல் வரவே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒருவருடைய தாத்தா ராயல் மரீன், அதாவது கடற்படையைச் சேர்ந்த போர்வீரர், அவர்களுக்கு ஏடிஎம் 159. இன்னொருவருடையவர் கீழிருந்து பதவி உயர்ந்து வாரன்ட் அதிகாரி ஆனவர், அவருடைய பிற்காலம் அதிகாரிகளுக்கான ஏடிஎம் 196இல் இருந்தது. தன்னார்வப் படையான ஆர்என்விஆர் என்றால் ஏடிஎம் 337. வணிகக் கப்பலில் இருந்து வந்த ரிசர்வ் மாலுமி என்றால் பிடி (BT) 377.

மூன்றாவது கேள்விதான் அதிகம் பேர் கேட்டது: ராயல் இந்தியன் நேவியில் இருந்த நம் ஊர்த் தாத்தாக்கள்? அவர்கள் இந்தத் தொகுப்பில் இல்லை, ஏடிஎம் 188இல் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் காலத்து இந்திய அரசின் ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் இருக்கின்றன. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், மும்பை, சிட்டகாங் நினைவேடுகளில் இருக்கும் பெயர்கள் அங்கே கிடைக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகக் கெடுத்து எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள், தகப்பனார் பெயரைத் தலைப்பெயராக வைத்தும் ஒருமுறை.