லோரி ஸ்பிரிங்ல மடக்குக் கத்தி, எருமைக் கொம்புல பிடி

மொதல்லயே சொல்லிடறேன், டப்புனு சத்தம் போட்டு நிக்கிற ஸ்பிரிங் வச்ச கத்திய எடுத்தவுடனே செய்யப் பாக்காதீங்க. வால் வச்ச மாடல்தான் கைக்கு அடங்கும், தொறந்தா அலகோட வால் வந்து பிடி முதுகுல படுத்துக்கும், அத சேத்து கையால இறுக்கிப் புடிக்கிற வரைக்கும் மடங்காது, அவ்ளோதான் டெக்னிக்.

அட்டையில வெட்டிப் பாருங்க, அலகு 3 இஞ்ச், பிடி 4 இஞ்ச். அச்சு வர்ற எடத்துல குண்டூசி குத்தி மடக்கித் தொறந்து, முனை பிடிக்குள்ள முழுசா மறையுதா, வால் எங்க போய் முட்டுதுன்னு பாருங்க, அட்டையில வராதது இரும்புல சத்தியமா வராது.

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி செம்பனை லோரி ஓடுற ஊருல இரும்புக்கு என்ன பஞ்சம், பட்டறையில பழைய ஸ்பிரிங் பிளேட் கெடக்கும். பொதுவா கார்பன் 0.6% கிட்ட இருக்கும், கத்திக்கு அது போதும். ஒடஞ்ச வாய்கிட்ட வெட்டாதீங்க, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். நிழல்ல வச்சு அடிங்க, வெயில்ல நெருப்போட நிறம் தெரியாது. ஆரஞ்சுல அடிக்கணும், கருஞ்சிவப்புக்கு எறங்கிட்டா திரும்ப அடுப்புல போடணும், பொறி பறந்தா இரும்பு எரியுதுன்னு அர்த்தம்.

3 மி.மீ. கனத்துக்கு வந்ததும் அரம் போட்டு ஷேப் எடுத்து, அச்சு ஓட்டைய இப்பவே போட்டுடுங்க, தோய்ச்சலுக்கு (சூடாக்கி எண்ணெய்ல முக்கி கெட்டியாக்கறது) அப்புறம்னா டிரில் பிட்டுதான் போகும். அப்புறம் காந்தம் ஒட்டாத அளவு சூடு ஏத்தி, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம், 60 டிகிரி பாம் ஆயில்ல அலக மட்டும் முக்குங்க, வால் பக்கம் வேணாம். தீப்பிடிக்கும், இரும்பு மூடி பக்கத்துல இருக்கட்டும். அரம் வழுக்கிட்டுப் போனா அலகு கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம். ஒடனே 200 டிகிரி ஓவன்ல ரெண்டு மணி நேரம், ஆற விட்டு திரும்ப ஒரு தடவ. கேக் சுடற ஓவன்னா எண்ணெய் நாத்தம் போக கழுவிட்டு வைங்க, இல்ல வீட்டுல பூஜைதான்.

ஹஜ் பெருநாளுக்கு கம்பத்துல (மலாய் கிராமத்துல) எருமை அறுத்தா கொம்பு கேட்டுப் பாருங்க. கொதிக்க வச்சா உள்ள இருக்கிற எலும்பு கழண்டுடும். மாசக்கணக்குல காய விடணும், ஈரக் கொம்பு அப்புறம் சுருங்கி ஆணிய விட்டு வெலகிடும். வெட்டின துண்டு வளைஞ்சிருந்தா வெந்நீர்ல இளக்கி ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல வைஸ்ல நெருக்கி, ஆறுற வரைக்கும் தொடாதீங்க. கிரைண்டர் வச்சா முடி கருகுற நாத்தம் வரும், தூசு நெஞ்சுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்க.

பிடியோட பின்பக்கம் ரெண்டு கொம்புக்கும் நடுவுல ஒரு தகடு, அலக விட ஒரு பேப்பர் கனம் கூட, ரெண்டு ஆணி அடிச்சு நிறுத்துங்க, தொறக்கும்போது வால் வந்து முட்டறதும் அதுலதான். அச்சுக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பி. அலகுக்கும் கொம்புக்கும் நடுவுல எண்ணெய் தொட்ட பேப்பர் வச்சு, சின்ன சுத்தியல்ல கம்பி தலைய சுத்திச் சுத்தி தட்டணும், ஓங்கி அடிச்சா கொம்பு பொளந்துடும். நாலு தட்டு, ஒரு தடவ மடக்கிப் பாக்கறது, திரும்ப நாலு தட்டு. லேசா இறுக்கமா இருக்கும்போதே நிறுத்திட்டு பேப்பர உருவிடுங்க, லூசாயிட்டா இன்னும் ரெண்டு தட்டு தட்டிக்கலாம், இறுகிட்டா கம்பிய டிரில் பண்ணி எடுக்கணும்.

கொம்புக்கு அப்பப்ப தேங்கா எண்ணெய் தடவுங்க, சும்மா பெட்டியில போட்டு வச்சா பூச்சி அரிச்சிடும். தோட்டத்துல, வீட்டுல வச்சுக்கோங்க, பாக்கெட்ல போட்டுட்டு பசாருக்குப் போகாதீங்க, 1958 அபாயகர ஆயுதச் சட்டம் இருக்கு, போலீஸ் கேட்டா நானே செஞ்சதுன்னு சொன்னா விடமாட்டாங்க.