வயற்காவலில் கண்ணைப் பழக்குவது

காலபோக நெல் கதிர் முற்றினால் முல்லைத்தீவு முத்தையன்கட்டுப் பக்கத்தில் எங்களுக்கு இரவுத் தூக்கம் காவல் கொட்டிலில்தான். பன்றி வரும், சில நாள் யானையும் வரும். முதல் வருடம் பெரிய டோர்ச்சோடு போனேன். பெரியப்பா அதைப் பறித்து வைத்தார். "தம்பி, உந்த டோர்ச்சை அடிச்சால் பன்றிக்கு நீ தெரிவாய், உனக்குப் பன்றி தெரியாது."

அவர் சொன்னதன் நியாயம் விழித்திரையில் இருக்கிறது. அங்கே இரண்டு வகைக் கலங்கள்: கூம்புகள் பகலுக்கும் நிறத்துக்கும், கோல்கள் மங்கல் வெளிச்சத்துக்கு. இருட்டுக்கு வந்தால் கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தங்களால் ஆனதைச் செய்துவிடும். கோல்கள் முழுதாக விழிக்க 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதனால் பொழுதுபடவே கொட்டிலுக்குப் போய்விடுங்கள். டோர்ச் தேவைப்பட்டால் சிவப்புத் தாள் சுற்றுங்கள், சிவப்பு வெளிச்சம் கோல்களை அவ்வளவாகக் குலைக்காது. போன் அடித்தால்? ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மற்றதால் பாருங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகத்தான் இருட்டுக்குப் பழகும். நான் வலதைப் பொத்துவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வரம்பில் ஏதோ அசைகிறதா? நேரே முறைத்தால் மறைந்துவிடும், ஏனென்றால் பார்வையின் நடுப்புள்ளியில் கோல்களே இல்லை. நீட்டிய கையின் ஒரு முட்டியளவு தள்ளிப் பாருங்கள், உருவம் திரும்பி வரும்.

அப்புறம் கொள்ளிவாய்ப் பிசாசு. சுற்றிவர இருட்டாக இருக்கையில் தூரத்தில் தனியாக நிற்கும் ஒரு வெளிச்சம் நகர்வதுபோலவே தெரியும். ஒப்பிட வேறொன்றும் இல்லாததால் மூளை ஏமாறுகிறது. 1935இல் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் இருட்டறையில் இதைச் சோதித்தார். அசையாத ஒளிப்புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டால், கூட இருந்தவர்களின் பதில்கள் ஒன்றையொன்று நெருங்கிவந்தன. கொட்டிலிலும் அதேதான். ஒருவர் "அங்க போகுது" என்றால் மற்ற இரண்டு பேருக்கும் போகும். எனவே வாய் திறக்கமுன் கொட்டில் கப்பின், அதாவது தூணின், ஓரத்தோடு அந்த வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். கப்பை விட்டு விலகினால் உண்மையாகவே யாரோ வருகிறார்கள்.

போன தையில் மூன்று பேரும் நகர்கிறது என்று அடித்துச் சொன்னோம். யானை வெடியைக்கூடக் கையில் எடுத்தாயிற்று. கப்போடு சேர்த்துப் பார்த்தால் அசையவில்லை. அடுத்த வயல் கொட்டிலில் மாமா குப்பிவிளக்கு வெளிச்சத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.