ஆங்கிலத்தில் வரிசை எண்களையும் பின்னங்களையும் சொல்லும் முறை

‘ஐந்தில் மூன்று’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லுமாறு கேட்டால், தமிழ்வழியில் படித்த மாணவர்களில் பலர் முதலில் ஐந்தைத்தான் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒரு முழுப்பொருளை எத்தனை கூறுகளாக்கினோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அவற்றில் எத்தனையை எடுத்தோம் என்பதைப் பின்னர் சொல்வது தமிழின் வழக்கம். ஆங்கிலமோ எடுத்த கூறுகளை முதலில் எண்ணிச் சொல்லிவிட்டு, கீழே உள்ள எண்ணை வரிசை எண்ணின் வடிவத்தில் சொல்கிறது. எனவே, பின்னங்களைக் கற்க விரும்புகிறவர் வரிசை எண்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

தமிழில் எண்ணுடன் ‘ஆம்’ அல்லது ‘ஆவது’ சேர்த்தால் வரிசை எண் கிடைத்துவிடும். ‘முதல்’ என்பது மட்டுமே தனித்து நிற்கும் சொல். ஆங்கிலத்தில் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்னும் மூன்றையும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும். நான்கிலிருந்து டி, எச் என்னும் இரண்டு எழுத்துகளை இறுதியில் சேர்த்தால் போதும். இருபத்தொன்று போன்ற கூட்டெண்களில் இரண்டு மொழிகளுமே கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுகின்றன. ஆனால் ‘இருபத்தொன்றாம்’ என்ற பழக்கத்தில் ‘ட்வென்டி ஒன்த்’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே ‘ட்வென்டி ஃபர்ஸ்ட்’ என்பதே சரி.

எழுத்துக்கூட்டலில் தடுமாறவைக்கும் சொற்கள் சிலவே. ஃபைவ், ட்வெல்வ் ஆகியவற்றின் இறுதியில் உள்ள வி, ஈ இரண்டும் நீங்கி எஃப் வரும். நைன் என்பதில் இறுதி ஈ விழுந்துவிடும். எய்ட் ஏற்கெனவே டி என்னும் எழுத்தில் முடிவதால் எச் மட்டும் சேரும். ட்வென்டி, தேர்ட்டி போன்றவற்றின் ஒய், ஐ-ஈ என்று மாறும். இலக்கத்தில் எழுதும்போது அந்தச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 21-க்கு எஸ்டி வருவதும் 11-க்கு டிஎச் வருவதும் ஏன் என்பது தானே விளங்கும். 111, 112, 113 ஆகியவற்றுக்கும் டிஎச்தான்.

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். 15-ஆம் இடமும் 50-ஆம் இடமும் கேட்பவர் காதில் எளிதில் கலந்துவிடும். ‘ஃபிஃப்டீன்த்’ என்னும்போது பின்பாதியை அழுத்தி நீட்டுங்கள். ‘ஃபிஃப்டியெத்’ என்னும்போது முதல் அசையை அழுத்தி, மூன்று அசைகளும் கேட்கும்படி சொல்லுங்கள்.

இனிப் பின்னத்துக்கு வருவோம். 3/5 என்பது ‘த்ரீ ஃபிஃப்த்ஸ்’. இதில் ஃபிஃப்த் என்பது ஐந்தில் ஒரு துண்டின் பெயர்; அத்தகைய துண்டுகள் மூன்று இருப்பதால்தான் பன்மை எஸ் சேர்கிறது. ஒரு துண்டு மட்டும் என்றால் ‘ஒன் ஃபிஃப்த்’ அல்லது ‘எ ஃபிஃப்த்’. ‘தி தேர்ட் ரோ’ என்றால் மூன்றாம் வரிசை. ‘எ தேர்ட் ஆஃப் தி ரோ’ என்றால் அந்த வரிசையில் மூன்றில் ஒரு பங்கு. முன்னால் வரும் தி, எ ஆகிய சிறு சொற்களும் பின்னால் வரும் ‘ஆஃப்’ என்பதுமே இங்கே பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. கீழெண் மிகப் பெரியதாக இருந்தால் வரிசை எண்ணைத் தேடாமல், இடையில் ‘ஓவர்’ என்று போட்டு இரண்டு எண்களையும் அப்படியே படிக்கலாம்.

1/2-ஐ ஹாஃப் என்றும் 1/4-ஐக் குவார்ட்டர் என்றும் சொல்வார்கள். மற்றவற்றுக்கெல்லாம் வரிசை எண்ணின் வடிவமே பயன்படுகிறது. தமிழில் இதற்கு மேலும் பெயர்கள் உண்டு: 1/8 அரைக்கால், 1/16 மாகாணி அல்லது வீசம், 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்டுக் கணக்கிட்ட மொழியைப் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலப் பின்னம் எட்டாத ஒன்றாக இருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

இரண்டே முக்கால் என்பதில் ‘ஏ’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘அண்ட்’ செய்கிறது: ‘டூ அண்ட் த்ரீ குவார்ட்டர்ஸ்’. ‘ஒன்றரை மணி நேரம்’ என்று நாம் ஒருமையில் சொல்வதை, ஆங்கிலத்தில் ‘ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்’ என்று பன்மையில் சொல்லவேண்டும். வினைச்சொல், ‘ஆஃப்’ என்பதற்குப் பின் வரும் பெயரைப் பொறுத்து அமையும். ‘டூ தேர்ட்ஸ் ஆஃப் தி மில்க்’ என்றால் இஸ், ‘டூ தேர்ட்ஸ் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்’ என்றால் ஆர். கடிகாரத்தில் 3.45 ஆகும்போது, கடந்த மணியிலிருந்து கணக்கிட்டு நாம் மூன்றே முக்கால் என்கிறோம். ஆங்கிலேயர் வரப்போகும் மணியைப் பார்த்து ‘குவார்ட்டர் டு ஃபோர்’ என்கிறார்கள்.

மாடிகளை எண்ணுவதில் நாட்டுக்கு நாடு வழக்கு மாறும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் தரைத்தளத்துக்கு மேலே உள்ளதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர்.

கடைசியாக, ‘எத்தனையாவது’ என்னும் நம் சொல்லுக்கு இணையாக அன்றாட ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. ‘அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்ற முயன்றால் வாக்கியம் சிதைந்துவிடும். அவருக்கு முன் எத்தனை பேர் அப்பதவியில் இருந்தார்கள் என்று கேள்வியைத் திருப்பிப் போடலாம். அல்லது, ‘வாஸ் ஹி தி டென்த் ஆர் தி லெவன்த் பிரசிடென்ட்?’ என்று இரண்டு விடைகளை முன்வைத்துக் கேட்கலாம். விடை, ‘தி லெவன்த்’.