நிக்கல் கழுவுத் தண்ணிக்கு ரெசின் ஓட்டும் முறை

கப்பலூர் பக்கம் பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பிமாருக்குச் சொல்கிறேன். குரோம் தண்ணியையும் நிக்கல் தண்ணியையும் தனித்தனித் தொட்டியில் பிடியுங்கள். நிக்கல் நேர்மின் அயனி, அந்த வகை அயனியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மணிகளான கேட்டயான் ரெசினில் ஒட்டும். ஆறு இணைதிறக் குரோமியம் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருப்பதால் அதில் நிற்காது. சயனைடு தண்ணி இந்தப் பக்கமே வரக்கூடாது. அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு.

எண்ணெயும் அழுக்கும் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டரோடு நிற்கட்டும். போர் தண்ணி உப்புக் கடுத்ததாக இருந்தால் சாதாரண சாஃப்ட்னர் ரெசினில் கால்சியமே இடம்பிடித்துவிடும். காசு கூடினாலும், நிக்கல் போன்ற உலோகத்தை இடுக்கிபோல் கவ்வும் இமினோடைஅசிட்டேட் வகை கீலேட்டிங் ரெசினே என் கட்சி.

வெளியே வரும் தண்ணியைச் சோதனைக் குழாயில் கொஞ்சம் பிடித்து, அம்மோனியா சேர்த்து, நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் சில சொட்டு விடுங்கள். ரோஜாச் சிவப்பு கண்டால் நிக்கல் கசிகிறது. ஓட்டத்தை நிறுத்தி, கீழிருந்து மேலாகத் தண்ணி விட்டு பேக்வாஷ் கொடுத்து, 5 முதல் 10 சதவீதக் கந்தக அமிலத்தை மெதுவாக விடுங்கள். ரெசின் பிடித்த நிக்கல் பச்சைப்பசேலென்று இறங்கும். அதைச் சாக்கடையில் விட்டால் இத்தனை பாடும் வீண். நன்றாக அலசி, காஸ்டிக் சோடா விட்டு ரெசினைச் சோடியம் வடிவுக்கு மாற்றுங்கள். அப்போது ரெசின் ஊதிப் பெருக்கும், அது நிற்கும் உருளையில் மேலே காலியிடம் வேண்டும். தேய்ந்த ரெசின் அபாயக் கழிவு. குப்பை வண்டிக்குக் கொடுக்காதீர்கள்.